அவர் அசையாதிருந்த காலை

என் கணவர் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்து நான் கண்டதில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு குசினிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்தபடியே சாப்பிடுவார். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு பிரம்புக் கதிரைகள் கிடக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே உள்துறைமுகம் கொஞ்சம் தெரியும். என் கதிரையின் பிரம்பு இருந்து இருந்து தொய்ந்துவிட்டது. அவருடையது கடையிலிருந்து கொண்டுவந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. கப்பல் வந்தால் எழும்பிப் போய் மதிலடியில் நின்று பார்ப்பார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழும்பிப் போய்ப் பார்ப்பார்.

"உங்கட காலில ஆரும் சில்லுப் பூட்டி விட்டவையோ?" என்று கேட்பேன்.

"இருந்தா மூட்டு இறுகிப் போகுமப்பா. நீர் இருந்து இருந்துதான் இப்ப எழும்பேக்க கத்துறீர்" என்பார். அதை நின்றுகொண்டு சொல்ல மாட்டார். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவர் புவியியல் ஆசிரியர். நான் உயிரியல். கச்சான் காற்று அடித்து ஊரெல்லாம் புழுதியாய்க் காயும் ஆகஸ்ட் விடுமுறையில், திருகோணமலை ஆசிரியர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மாத்தளை தாண்டி நக்கிள்ஸ் மலைக்குப் போவோம். இயற்கைக் கல்விச் செயலமர்வு என்று பெயர். புத்தகத்தில் காடு படிப்பிக்கிறவர்கள் ஒரு தடவையாவது காட்டுக்குள் நிற்கவேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே பிடிவாதம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் அன்புவழிபுரத்திலிருந்தும் வருவார்கள். பாதிப் பேர் மலையில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நுவரெலியாவில் பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் நாள் விடிய, சரிவிலிருந்து பனிமூட்டம் எழும்புவதைப் பார்த்து, "ஆரோ கீழ குப்பை கொளுத்துறாங்கள்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் ஒரு செயலமர்வும் தொடங்கியதில்லை.

கடற்கரை ஆட்களை ஏன் மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. ஒரு நீரோடைக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த ரீச்சரைப் பார்த்து, "நீங்கள் வெருகலில கால் கழுவுற தண்ணி இஞ்சத்தான் புறப்படுது" என்பார். அந்த ஓடைகள் போய் மகாவலியில் விழுவதையும், மகாவலி எங்கள் மாவட்டத்துக்குள் வந்து கொட்டியாரக் குடாவில் கலப்பதையும் கைகளை விரித்து விரித்துக் காட்டுவார். பிறகு ஓர் இலையைப் பிடுங்கித் தண்ணீரில் விடுவார்.

"நாங்கள் வீட்டை போக முந்தி இது போயிடும்."

"இடையில எத்தினை அணைக்கட்டுக் கிடக்கு. உங்கட இலை எல்லாத்தையும் தாண்டுமோ?" என்று நான் கரையிலிருந்து கேட்பேன்.

"என்ர இலை தாண்டும்" என்பார். ஆசிரியர்கள் சிரிப்பார்கள். எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிடும். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கியே முகம் கடுகடுத்துப் போயிருந்தது.

என்னுடைய பாடம் இதற்கு நேர்மாறு. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருவரும் காட்டுக்குள் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, தனியே, பேசாமல், அசையாமல் இருக்கவேண்டும். நான் விசில் ஊதும்வரைக்கும் எழும்பக்கூடாது. ஆசிரியர்களுக்கு வாய் ஓயாது. வகுப்பில் பேசிப் பேசி, பேச்சு நின்றால் ஏதோ பிழை நடந்துவிட்டதென்று நினைக்கிற சாதி நாங்கள். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இது. மனிதன் அசையாமல் இருந்தால் காடு அவனை மறந்துவிடும், மறந்த பிறகுதான் வெளியே வரும். ஆகவே விதிகள் இறுக்கமானவை. கூப்பிடக்கூடாது. இன்னொருவர் இடத்துக்குப் போகக்கூடாது. ஒருவர் அசையாமல் இருப்பதைக் கண்டால், அவர் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு விலகிப் போகவேண்டும். நான் இதற்கு மௌன இருப்பு என்று பெயர் வைத்திருந்தேன். ஆசிரியர்கள் தவம் என்று சொன்னார்கள். "தவத்துக்கு நேரமாச்சு" என்று ஒருவரையொருவர் எழுப்பிக்கொள்வார்கள்.

இந்தத் தவத்தை ஒவ்வொரு முறையும் கலைத்தவர் என் கணவர்தான். முதலில் தும்முவார். பிறகு பிஸ்கட் பைக்கற்றை உடைக்கும் சத்தம் கேட்கும். பிறகு, சொல்லிவைத்தாற்போல், "அட்டை! அட்டை!" என்று ஒரு கூச்சல். காலுறைக்குச் சவர்க்காரம் பூசி, எலுமிச்சம்பழப் பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற மனிதர், நூல்போல ஓர் அட்டையைக் கண்டால் மலை முழுக்கக் கேட்கக் கத்துவார். கடைசியில் நான் விசிலை வாயில் வைக்க முன்னமே, "தேத்தண்ணி ஆறுது, எழும்புங்கோ" என்று அவரே எல்லோரையும் எழுப்பிவிடுவார். உண்மையைச் சொன்னால் தேத்தண்ணீருக்குத் தண்ணீர்கூட அப்போது கொதித்திருக்காது.

அவர் வந்த கடைசிப் பயணத்தில், இரண்டாம் நாள் காலை, ஒரு குரங்குக் குடும்பம் கீழே இறங்கி வந்தது. தாய்க் குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆசிரியர்களுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது. யாரும் மூச்சு விடவில்லை. நான் இத்தனை வருடங்களாகச் சொல்லிவந்தது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அப்போது பார்த்து, "அட்டை!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னேரம் எல்லோரும் விடுதி வாசலில் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "நாளைக்கும் இப்பிடியெண்டா நீங்கள் வரவேண்டாம். குசினியில நிண்டு தேத்தண்ணி போடுங்கோ."

அவர் கோபிக்கிற மனிதர் அல்ல. ஈரக் காலுறையைப் பிழிந்தபடி சொன்னார்: "நாளைக்குப் பாரும். மரமெண்டு நினைப்பீர்."

மூன்றாம் நாள் காலையில் அவர் ஒரு பெரிய மரத்தின் வேரடியில் போய் இருந்தார். தொப்பியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டிருந்தார். கைகள் மடியில் கிடந்தன. நான் வழக்கம்போல ஒற்றையடிப் பாதையால் சத்தமில்லாமல் ஒரு சுற்று வந்தேன். முதல் சுற்றில் அவரை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் சுற்றில்தான் உறைத்தது, இன்றைக்குத் தும்மல் இல்லை. பிஸ்கட் இல்லை. கத்தல் இல்லை. நின்று பார்த்தேன். மனிதர் அசையவில்லை. மலைகளில் மட்டும் காண்கிற கொண்டைக்குருவி ஒன்று அவருடைய சப்பாத்து நுனியில் வந்து இருந்து, ஒருதரம் குனிந்து எதையோ கொத்திவிட்டு, மறுபடியும் நிமிர்ந்து இருந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்பதை இன்றைக்கு எழுதவே கை கூசுகிறது. கல்யாணம் கட்டிய நாள்தொட்டு நான் சொல்லிச் சொல்லிக் களைத்த ஒன்றை, மனிதர் எனக்காகச் செய்து காட்டுகிறார் என்று நெஞ்சு நிறைந்துபோனது. பக்கத்துப் பாறையடியில் இருந்த இரண்டு ரீச்சர்மாரைக் கையசைத்துக் கூப்பிட்டேன். என் விதியை நானே மீறினேன். விரலை உதட்டில் வைத்து, அவரைக் காட்டி, வாய்க்குள்ளேயே சொன்னேன்: "பாருங்கோ. இப்பிடித்தான் இருக்கோணும்." அவர்கள் வியப்போடு தலையாட்டினார்கள். ஒருத்தி குருவியைப் பார்த்துக் கண்கலங்கினாள். நாங்கள் மூவரும் பூனைபோல் பின்வாங்கி வந்துவிட்டோம், அவரைக் குழப்பக்கூடாதென்று.

திரும்பி நடக்கும்போது அவருக்குச் சொல்ல ஒரு வசனம் தயார் பண்ணினேன். "இண்டைக்குத்தான் நீங்கள் பாஸ்." நல்லாய் நீட்டி முழக்கி, எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும். அவர் அதற்கு என்ன பதில் சொல்வார், எப்படி மார்தட்டுவார் என்று யோசித்து எனக்குள் சிரித்தபடி விசிலை ஊதினேன்.

எல்லோரும் வந்தார்கள். அவர் வரவில்லை. தேத்தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ, "சேரைக் கூப்பிடட்டோ ரீச்சர்?" என்று கேட்டார். "விடுங்கோ, இருக்கட்டும். அவர் எங்களுக்குப் பாடம் படிப்பிக்கிறார்" என்றேன். சிரித்தோம். பிறகு நானே அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு போனேன். சீனி தூக்கலாகப் போட்டிருந்தேன், அது அவருக்கு விலக்கியிருந்தது என்றாலும்.

கிட்டப் போய், அவருடைய வசனத்தையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். "தேத்தண்ணி ஆறுது, எழும்புங்கோ."

எழும்பவில்லை. நடிக்கிறார் என்று நினைத்தேன். குனிந்தபோதுதான் அவருடைய இடது கையைக் கண்டேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓர் அட்டை இருந்தது. நூல்போல அல்ல, இரத்தம் குடித்து ஊதி, கறுத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. கத்தவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

அவரை மலையிலிருந்து இறக்கிய விதத்தை எழுத எனக்கு மனமில்லை. ஆசிரியர்கள் மாறி மாறித் தூக்கினார்கள், அது போதும். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பிள்ளை மிகவும் பண்பாகச் சொன்னார். "அம்மா, நெஞ்சு ஒரே அடியா நிண்டிருக்கு. அவருக்கே தெரிஞ்சிராது. ஒரு நொடிதான்."

நான் தலையாட்டினேன். ஆனால் நான் உயிரியல் படிப்பிக்கிறவள். அட்டை வயிறு நிறையக் குடிப்பதற்கு நேரம் வேண்டும் என்றும், அதற்கு ஓடுகிற இரத்தம் வேண்டும் என்றும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாயோயாமல் சொல்லியிருக்கிறேன். அப்படியென்றால் அந்த அட்டை அவரில் ஏறி, குடித்து, ஊதிய நேரமெல்லாம் அவருடைய இரத்தம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது அவர் நல்லாய் இருக்கும்போதே, அவர் காணாமல் ஏறியிருக்கலாம். அல்லது நெஞ்சு பிடித்து, கையைத் தூக்க ஏலாமல், கூப்பிட ஏலாமல் அவர் இருந்த நேரமாகவும் இருக்கலாம். நான் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்ற நேரம் எந்த நேரம் என்று எனக்குத் தெரியாது. எந்த டொக்டராலும் சொல்லவும் ஏலாது. எத்தனையோ இரவுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நல்ல சாவு. கொடுத்துவைத்த மனிதர். மலையில், காட்டுக்குள், தவத்தில் இருந்தபடி, ஒரு ரிஷிமாதிரிப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ரிஷி அல்ல. அட்டைக்குக் கத்துகிற மனிதர். தவத்தில் இருந்து சாக அவருக்கு என்ன விதி? குசினிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் கோப்பை உடைந்த சத்தமாவது எனக்குக் கேட்டிருக்கும். ஓடி வந்திருப்பேன்.

சாம்பலைக் கடலில் கரைத்தோம். மலைத் தண்ணீர் வந்து சேருகிற இடத்தில் கரைக்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதமாய் நின்று, வள்ளம் பிடித்துக் கொட்டியாரக் குடாவுக்குள் போனோம். தண்ணீரில் நிறைய இலைகள் மிதந்தன. எல்லாம் கரையோரக் கண்டல் மரத்து இலைகள். ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

வீட்டில் சத்தம் நின்றுபோனது. நான் மௌனத்தைப் பாடமாய்ச் சொல்லிக் கொடுத்தவள். இந்த மௌனத்தில் எனக்கு ஒன்றும் வெளியே வரவில்லை. பின்னேரங்களில் என் கதிரையில் இருந்து அவருடைய கதிரையைப் பார்ப்பேன், தொய்யாத பிரம்பைப் பார்ப்பேன். துறைமுகத்துக்குள் கப்பல் வந்தால் யாரும் எழும்பிப் போவதில்லை.

அடுத்த ஆகஸ்ட் வர முன்னமே ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த இரண்டு ரீச்சர்மாரும் வீட்டுக்கு வந்தார்கள். "ரீச்சர், நீங்கள் வராட்டி இது நிண்டுபோகும். சேருக்கு அது விருப்பமாயிருக்காது" என்று ஒருத்தி சொன்னாள். உண்மைதான். எனக்கு ஏலாது என்றேன். அவர்கள் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். பஸ் புறப்படுகிற அன்று விடிய, நானும் போய் நின்றேன். வீட்டில் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை.

தவத்தை நடத்துவதில்லை என்றுதான் முடிவெடுத்திருந்தேன். ஆனால் புதிதாய் வந்தவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டே வந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல், மூன்றாம் நாள் காலை, எல்லோரையும் காட்டுக்குள் அனுப்பினேன். அந்த மரத்தடிப் பக்கம் யாரையும் விடவில்லை. நான் சுற்றி வரவில்லை. பாதையோரத்தில் ஒரு கல்லில் இருந்துகொண்டேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த உடற்பயிற்சி சேர் ஒருவர் எனக்குக் கீழே, செடிகளுக்குள் இருந்தார். நல்ல பருத்த மனிதர். முகம் எனக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. சருகு நொறுங்கியது. பெருமூச்சு வந்தது. கழுத்தில் பளார் என்று அடித்துக்கொண்டார். சுள்ளி முறிந்தது. தொண்டையைச் செருமினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் மூச்சு சீராக வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு ரீச்சர் என்னிடம் வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, குசுகுசுத்தாள்: "ரீச்சர், அந்தச் சேர் ஒருத்தரையும் இருக்க விடுறார் இல்லை."

"அவரை விடுங்கோ. நீங்கள் போய் இருங்கோ" என்றேன்.

ஆனால் அது அவருக்குக் கேட்டுவிட்டது. செடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மன்னிச்சிக்கோங்க டீச்சர். எனக்கு இது ஏலா. காலு சும்மா இருக்குதில்ல."

"பரவாயில்லை சேர். ஆடுங்கோ" என்றேன். நான் மனதாரச் சொன்னதை அவர் குத்தல் என்று எடுத்திருக்கவேண்டும். என் குரல் அப்படி, முப்பது வருட வகுப்பறைக் குரல். பாவம், மனிதர் வெட்கப்பட்டுப்போனார். அதற்குப் பிறகு சருகுச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

நான் காத்திருந்தேன். இதோ ஒரு செருமல் வரும் என்று காத்திருந்தேன். எங்கேயோ தூரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குருவிகள் கத்தத் தொடங்கின. அந்த மனிதரைக் காடு மறந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. 

எழும்பினேன். என்னுடைய எல்லா விதிகளையும் மிதித்துக்கொண்டு, "சேர்! சேர்!" என்று கத்தியபடி சரிவில் இறங்கி ஓடினேன். கால் வழுக்கியது, சப்பாத்து ஒன்று கழன்று எங்கோ போனது. நாலா பக்கமும் ஆசிரியர்கள் எழும்பி நிற்பது தெரிந்தது. செடிகளைப் பிரித்தேன். அவர் ஒரு மரத்தில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்.

"டீச்சர், மெதுவா" என்றார் உதடு அசையாமல். "அந்தக் கொப்பப் பாருங்க."

கொப்பில் ஓர் ஓணான் இருந்தது. மூக்கு நுனியில் சின்ன இலைபோல ஒரு கொம்பு. அந்த மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓணான். இத்தனை வருடம் வந்தும் என் கணவர் அதை ஒருதரமும் கண்டதில்லை. அதைக் காண்பதற்கு அசையாமல் இருக்கத் தெரிய வேண்டும். நான் இவ்வளவு கத்தியும் அது நகரவில்லை. ஒரு கண்ணை மட்டும் மெல்ல என் பக்கம் திருப்பியது.

நான் அந்த மனிதருக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் இருந்துவிட்டேன். அவருடைய மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அதைவிட்டு ஓணானைப் பார்க்க எனக்குக் கண் வரவில்லை. நான் அழுவதைக் கண்டு அவர் பயந்துபோனார். ஒரு வருடமாய் நாக்கிலேயே கிடந்த வசனம் எழும்பி வந்தது, இண்டைக்குத்தான் நீங்கள் பாஸ் என்று. அவருக்கு அது பொருந்தும்தான். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது வேறொருவருக்கு வைத்திருந்தது. விழுங்கிவிட்டேன்.

விசில் கழுத்தில் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, எழும்புங்கோ" என்றேன்.

அவர் எழும்பினார்.